பழைய ஒளிப்படத்தில் நிற்கும் காரை இனங்காண்பது எப்படி? போர்களுக்கு இடைப்பட்ட காலக் கார்களுக்கான வழிகாட்டி

முதல் உலகப் போர் முடிந்ததற்கும் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதற்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் காரின் தோற்றம் அடியோடு மாறியது. துணிக் கூரையும் மர ஆரக்கால்களும் கொண்டு ஓடிய வண்டி, 1939இல் எஃகுக் கூரையும் வளைந்த மட்கார்டுகளும் கொண்ட மூடிய காராக நின்றது. மாற்றம் இவ்வளவு வேகமாக நடந்ததால், ஆல்பத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கிடைக்கும் ஒளிப்படத்தைக் கொண்டே காரின் காலத்தைச் சில ஆண்டு இடைவெளிக்குள் கணித்துவிடலாம். பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் முத்திரையைத் தேடுகிறார்கள். முதலில் காலம், அடுத்து நாடு, அதன் பிறகே நிறுவனம் என்ற வரிசையில் செல்வதுதான் பிழைகளைக் குறைக்கும் என்பது என் கருத்து.

படத்தைக் கூடுமானவரை உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்துகொண்டு, அது இடவலம் மாறி அச்சிடப்பட்டதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். நம்பர் பிளேட்டோ, பின்னணியில் உள்ள கடைப் பலகையோ இதற்கு உதவும். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. சாலையின் வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளிலேயே புகாட்டி, லான்சியா, ஆல்ஃபா ரோமியோ போன்ற நிறுவனங்கள் இந்தக் காலகட்டத்தில் ஸ்டீயரிங்கை வலப்புறம் வைத்தே கார்களைத் தயாரித்தன. அதனால் வலப்புற ஸ்டீயரிங்கைக் கண்டதும் பிரிட்டிஷ் கார் என்று எழுதிவிடுவது தவறாகப் போகலாம்.

காலத்தைக் கணிக்கும்போது ஒரு விதியை விடாமல் பின்பற்ற வேண்டும்: காரில் தெரியும் உறுப்புகளில் எது மிகவும் பிந்தியதோ, அதுவே அந்தக் கார் எந்த ஆண்டுக்கு முன்னால் தயாராகியிருக்க முடியாது என்பதைச் சொல்லும். பழமையான உறுப்புகளுக்கு அந்த மதிப்பு இல்லை. மலிவான மாடல்களில் பழைய வடிவங்கள் பல ஆண்டுகள் நீடித்தன. உரிமையாளர்கள் பின்னாளில் புது விளக்குகளையும் பம்பர்களையும் பொருத்திக்கொள்வதும் வழக்கமாக இருந்ததால், எளிதில் கழற்றி மாட்டக்கூடிய உறுப்பைக் காட்டிலும் பாடியோடு சேர்ந்த உறுப்பையே நம்ப வேண்டும்.

சக்கரத்திலிருந்து தொடங்குவது நல்லது. முன் சக்கரங்களின் உட்புறத்தில் பிரேக் டிரம் (பிரேக் உள்ள வட்டமான உலோக உருளை) தெரிகிறதா என்று பாருங்கள். 1920களின் தொடக்கத்தில் பெரும்பாலான கார்களுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. ஹிஸ்பானோ-சுயிசா எச்6 1919இலேயே நான்கு சக்கர பிரேக்குடன் வந்தது என்றாலும், அது செல்வந்தர்களின் வண்டி. 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் சிக்ஸ், திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கை நான்கு சக்கரங்களிலும் நடுத்தர விலையில் தந்த பிறகு, அந்தத் தசாப்தத்தின் முடிவுக்குள் முன் பிரேக் பொதுவழக்காகிவிட்டது. 1927 வரை தயாரான ஃபோர்டு மாடல் டி காருக்குக் கடைசிவரை முன் சக்கர பிரேக் வரவில்லை. அதற்கடுத்து வந்த மாடல் ஏ காருக்கு உண்டு. டயரும் பேசும். ஒல்லியான, உயரமான டயர்கள் பழையவை. 1923க்குப் பிறகு பரவிய பலூன் டயர்கள் பருத்தவை, குறைந்த காற்றழுத்தத்தில் ஓடியவை.

அடுத்து மட்கார்டு. 1932ஆம் ஆண்டு மாடலாக வந்த கிரஹாம் புளூ ஸ்ட்ரீக், மட்கார்டின் ஓரங்களைக் கீழே இறக்கிச் சக்கரத்தின் உட்புறத்தையும் சேசிஸையும் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) மறைத்தது. மற்ற அமெரிக்க நிறுவனங்கள் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அதைப் பின்பற்றின. ஆகவே ஓரம் இறங்கிய மட்கார்டு தெரிந்தால், அமெரிக்கக் காரைப் பொறுத்தவரை 1932க்கு முன் செல்ல வேண்டியதில்லை. கூரையையும் உற்றுப் பாருங்கள். மூடிய கார்களிலும் கூரையின் நடுப்பகுதி நெடுங்காலம் துணியால் ஆனதாகவே இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1935ஆம் ஆண்டு மாடல்களில் ஒரே எஃகுத் தகட்டாலான கூரையைக் கொண்டுவந்தது. சற்று மேலிருந்து எடுத்த படமாக இருந்தால், துணியும் தகடும் சேரும் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

ஹெட்லைட்தான் அதிகம் ஏமாற்றும். மட்கார்டோடு ஒன்றிய விளக்குகளைக் கண்டதும் 1930களின் இறுதி என்று தோன்றும். ஆனால் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 1914ஆம் ஆண்டு முதலே விளக்குகளை மட்கார்டில் பதித்து வந்தது. மறுபுறம், 1936ஆம் ஆண்டு மாடலான கார்டு 810இல் விளக்குகள் மட்கார்டுக்குள்ளேயே மறைந்துவிடும். பக்கவாட்டில் ஏறும் ஃபுட்போர்டும் அதற்குக் கிடையாது.

காலம் ஓரளவு பிடிபட்ட பிறகு, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் வடிவத்துக்கு வரலாம். அந்நாளில் நிறுவனத்தின் முகம் அதுதான். கிரேக்கக் கோயிலின் முகப்பை ஒத்த, மேலே முக்கோணம் அமைந்த சட்டகம் ரோல்ஸ்-ராய்ஸுக்கு உரியது. குதிரை லாடத்தின் வடிவம் புகாட்டியுடையது. 1926 வரை மோரிஸ் கார்களின் ரேடியேட்டர் உருண்டு திரண்டிருந்தது. அதன் பிறகு தட்டையானது. இரண்டு சிறுநீரகங்களை அருகருகே நிறுத்தியது போன்ற கிரில் பிஎம்டபிள்யூவில் 1933இல் வந்த 303 மாடலிலிருந்து தொடங்குகிறது. முன்னால் ரேடியேட்டரே இல்லாமல் பானெட் சரிந்து இறங்கினால் ரெனோவை நினைக்கலாம், ஏனெனில் அந்த நிறுவனம் 1920களின் இறுதி வரை ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால் வைத்தது. ஒரு வேடிக்கையும் உண்டு: காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட ஃபிராங்க்ளின் கார்களுக்கு ரேடியேட்டர் தேவையே இல்லை, ஆனாலும் வாடிக்கையாளர்களின் விருப்பத்துக்காக 1925 முதல் போலி ரேடியேட்டர் முகப்பை வைத்தார்கள்.

இப்போது முத்திரை. டைம்லரும் பென்ஸும் 1926இல் இணைந்தன. ஆகவே மூன்றுமுனை நட்சத்திரமும் லாரல் இலை வளையமும் ஒரே முத்திரையில் இருந்தால் கார் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கோத்த நான்கு வளையங்கள் ஆடி, டிகேடபிள்யூ, ஹோர்க், வாண்டரர் ஆகியவை சேர்ந்து 1932இல் உருவான ஆட்டோ யூனியனைக் குறிக்கும். பிளிமத், டி சோட்டோ ஆகிய பெயர்கள் 1928க்கு முன் இல்லை. லாசால் 1927இல் தோன்றி 1940இல் மறைந்தது.

விலையுயர்ந்த கார்களில் பாடி தனிக் கதை. ரோல்ஸ்-ராய்ஸும் டூசன்பெர்க்கும் எஞ்சினோடு கூடிய சேசிஸை விற்றன. பாடியை வாங்குபவர் தம் விருப்பப்படி ஹூப்பர், பார்க்கர், மர்ஃபி போன்ற பாடி கட்டும் நிறுவனங்களிடம் செய்துகொண்டார். 1928 டிசம்பரில் அறிமுகமான டூசன்பெர்க் மாடல் ஜே காரின் சேசிஸ் மட்டுமே 8,500 டாலர். ஒரே சேசிஸில் சில ஆண்டுகள் கழித்துப் புதிய பாடி ஏற்றுவதும் நடந்தது. எனவே இத்தகைய கார்களில் ரேடியேட்டர், பானெட் ஆகியவற்றை ஒரு சான்றாகவும், அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் வேறொரு சான்றாகவும் பிரித்துப் படிக்க வேண்டும்.

இரண்டு மாடல்களுக்கிடையே ஐயம் நீடித்தால் அளவெடுங்கள். கார் நேர்ப்பக்கமாக நிற்கும் படத்தில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை டயரின் வெளிவிட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் படத்தின் அளவைப் பொறுத்து மாறாது. ஃபோர்டு மாடல் ஏ காரின் அச்சிடைத் தூரம் 103.5 அங்குலம். 1928, 1929ஆம் ஆண்டுகளில் அதன் ரிம் 21 அங்குலம், டயரோடு ஏறத்தாழ 30, விகிதம் 3.45. 1930, 1931ஆம் ஆண்டுகளில் ரிம் 19 அங்குலமாகக் குறைந்ததால் விகிதம் 3.6ஐத் தாண்டும். கார் சாய்வாக நின்றால் இந்தக் கணக்கு செல்லாது.

நிறத்தைப் பற்றி எதுவும் எழுதாமல் இருப்பதே மேல். அக்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியதாகவும் பதிவுசெய்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிக்கல் முலாமையும் குரோம் பூச்சையும் பிரித்தறிவதும் ஏறக்குறைய இயலாது.

நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தால் அது பெரும் துணை. அமெரிக்க மாநிலங்களின் பிளேட்டுகளில் பெரும்பாலும் ஆண்டே அச்சிடப்பட்டிருக்கும். பிரிட்டனில் மூன்று எழுத்துகளோடு தொடங்கும் பதிவெண்கள் 1932இல்தான் வந்தன. இவை பதிவான காலத்தைச் சொல்பவை. கார் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். அமெரிக்க நிறுவனங்கள் அடுத்த ஆண்டின் மாடலை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விற்பனைக்கு விட்டதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கண்டறிந்ததைப் பதிவுசெய்யும்போது முடிவோடு காரணத்தையும் எழுதிவையுங்கள். “ஃபோர்டு மாடல் ஏ, 1930 அல்லது 1931, சான்று: அச்சிடை விகிதம், முன் பிரேக் டிரம், முன் பம்பர் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம்” என்பது போன்ற குறிப்பு இருந்தால், அதே காரின் வேறொரு படம் கிடைக்கும்போது எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்பது அடுத்தவருக்கு உடனே விளங்கும்.