பெர்மா சோதனையில் தப்பும் பகு எண்ணைப் பிடிப்பது எப்படி?

ஒற்றைப்படை எண் ஒன்று பகா எண்ணா என்று பார்க்க, அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுக்கிறோம். இதுதான் பெர்மா சோதனை. மீதி 1 வராவிட்டால் அது கட்டாயம் பகு எண். ஆனால் 1 வந்துவிட்டால் மட்டும் பகா எண் ஆகிவிடாது. 341 = 11 × 31. இருந்தும் 2-இன் 10-ஆம் அடுக்கு 1024, அதாவது 3 × 341 + 1. அதனால் 340-ஆம் அடுக்கிலும் மீதி 1தான். அடிமானத்தை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை, 2-க்குப் பதில் 3 ஆக்கினால் மீதி 56, குட்டு உடைந்துவிடும்.

561-இடம் அந்த வித்தையும் பலிக்காது. அதன் காரணிகள் 3, 11, 17. இவற்றில் ஒன்று குறைத்தால் வரும் 2, 10, 16 மூன்றுமே 560-ஐ மீதியின்றி வகுக்கும். எனவே 3, 11, 17-ஆல் வகுபடாத எந்த அடிமானத்துக்கும் மீதி 1. இப்படித் தப்பும் பகு எண்கள்தான் கார்மைக்கேல் எண்கள். இவற்றுக்கு முடிவே இல்லை என்று 1994-இல் நிறுவிவிட்டார்கள். ஆகவே மில்லர்–ராபின் முறைக்குப் போய்விடுங்கள்.

560-ஐ ஒற்றைப்படை எண் வரும்வரை பாதியாக்குங்கள்: 16 × 35. 2-இன் 35-ஆம் அடுக்கை 561-ஆல் வகுத்தால் மீதி 263. இங்கேயே 1 அல்லது 560 வந்திருந்தால் எண் இந்தச் சுற்றில் தேறியிருக்கும். வராததால் மீதியை வர்க்கமாக்கி மறுபடி 561-ஆல் வகுக்க வேண்டும்: 166, பிறகு 67, பிறகு 1. 560 எட்டிப் பார்க்கவே இல்லை. பகா எண் என்றால் வர்க்கித்து மீதி 1 தருபவை 1-உம் 560-உம் மட்டுமே. இங்கே 67-உம் தருகிறது. 561 மாட்டிக்கொண்டது! கூடவே 67 + 1 = 68-க்கும் 561-க்கும் மீப்பெரு பொதுக் காரணி எடுத்தால் 17 என்ற காரணியும் கிடைக்கும்.

ஒரே அடிமானத்தோடு நிறுத்தாதீர்கள். 2047 (23 × 89) அடிமானம் 2-இல் இந்தச் சோதனையையும் தாண்டிவிடும். 2, 3 இரண்டையும் சேர்த்து ஏமாற்றும் முதல் எண் 13,73,653. 64 பிட்டுக்குள் அடங்கும் எண்களுக்கு 2 முதல் 37 வரையிலான 12 பகா எண்களையும் அடிமானமாக வைத்தால் விடை உறுதி. அதற்கும் பெரிய எண்களுக்கு அடிமானங்களைக் குலுக்கல் முறையில் எடுங்கள். ஒரு பகு எண் ஒரு சுற்றில் தப்ப அதிகபட்ச வாய்ப்பு 4-இல் 1.

நிரலில் முதல் வேலையாக அந்த 12 எண்களாலும் வகுத்துப் பாருங்கள்; சோதிக்கும் எண் அவற்றில் ஒன்றாகவே இருந்தால் பகா எண், வேறு எண் வகுபட்டால் பகு எண். இல்லாவிட்டால் 37-ஐச் சோதிக்கும்போது அடிமானம் 37-க்கு மீதி 0 வந்து, பகா எண்ணையே தள்ளிவிடும். சி மொழியில் பெருக்கலை 128 பிட்டில் செய்யுங்கள்; 64 பிட்டில் எண் வழிந்து, மீதி தப்பாகும். பைத்தானில் அடுக்கு முழுவதையும் கணக்கிட்டு அப்புறம் வகுத்தால் கணினி திணறும். மூன்று மதிப்புகள் வாங்கும் அடுக்குச் சார்பு (pow) ஒவ்வொரு படியிலும் மீதி எடுத்துக்கொண்டே போகும், அதையே பயன்படுத்துங்கள்.