பலகையில் ஒட்டிய ஆர்க்கிடை வேர் அறாமல் தொட்டிக்கு மாற்றுவது எப்படி

மரப்பலகையிலோ தேங்காய் மட்டையிலோ ஆர்க்கிடைக் கட்டித் தொங்கவிடுவது குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு நன்றாக ஒத்துவரும், சாரல் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ மொட்டை மாடியில் தொங்கவிட்டால் அப்படி இல்லை. ஆனி ஆடியில் அடிக்கிற காற்றுக்குக் காலையில் நனைத்த வேர் கொஞ்ச நேரத்திலேயே வெளுத்துப்போகும். பகலில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளிக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் தொட்டிதான் சரி. ஆர்க்கிட் வகைகளில் டென்ட்ரோபியம், கேட்லியா இரண்டும் தொட்டிக்குப் பழகிவிடும். வாண்டா வகையை மட்டும் மாற்றாதீர்கள், அதன் வேருக்குக் காற்றில் தொங்குவதுதான் பிடிக்கும்.

எப்போது மாற்றுவது என்பதை வேர் முனையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். புதுத் துளிரின் அடியில் பச்சையாகவோ லேசான சிவப்பாகவோ வேர் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்க வேண்டும், அதுவே நேரம். காற்றில் வளர்ந்த பழைய வேர்களில் பாதி தொட்டிக்குள் போனதும் அழுகிவிடும், அதை யாராலும் தடுக்க முடியாது. தொட்டிக்குள்ளேயே பிறந்து வளர்கிற புது வேர்தான் இனி செடிக்குச் சாப்பாடு போடும், அது வரும்வரை தாக்குப்பிடிக்கத்தான் பழைய வேர் வேண்டும். சித்திரை வெயிலில் இந்த வேலை வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் செடி வேர் பிடித்திருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

வேரின் வெளியே வெள்ளையாகத் தெரிவது வேலமன் என்கிற செத்த செல்களின் அடுக்கு. பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சுவதும் அதுதான், பலகையோடு பசை போட்டதுபோல ஒட்டிக்கொள்வதும் அதுதான். காய்ந்திருக்கும்போது தொட்டால் முறியும், நனைந்தால் வளையும். அதனால் பலகையோடு சேர்த்துச் செடியின் வேர்ப்பகுதியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள், குருத்துக்குள் தண்ணீர் தேங்க வேண்டாம். வெள்ளி நிறம் போய் வேர் முழுக்கப் பச்சையாக மாறியதும் எடுத்து, கட்டியிருந்த நைலான் நூலை முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் முனை மழுங்கிய மெல்லிய கத்தியையோ பழைய பிளாஸ்டிக் அட்டையையோ வேருக்கும் பலகைக்கும் நடுவில் படுக்கையாக நுழைத்து, பலகையை உரசியபடியே மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். செடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. வளர்கிற முனையில் விரல்கூடப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நசுங்கினால் அந்த வேர் அதோடு நின்றுவிடும். சில இடத்தில் வேலமன் உரிந்து உள்ளே நூல் மாதிரி நரம்பு தெரியும். பதறி வெட்டிவிடாதீர்கள், அந்த நரம்பு அறாமல் இருந்தால் வேர் உயிரோடுதான் இருக்கிறது. அமுக்கினால் கொழகொழவென்று போகிற வேரை மட்டும் நெருப்பில் காட்டி ஆறவிட்ட பிளேடால் வெட்டுங்கள். ஒரு செடியில் பட்ட பிளேடை அப்படியே அடுத்த செடிக்குக் கொண்டுபோனால் வைரஸ் நோய் பரவும், ஒவ்வொரு செடிக்கும் சுட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பார்த்தும் வராத வேரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பலகை கெட்டியான மரமாக இருந்தால், ஒட்டியிருக்கிற அந்தத் துண்டை மட்டும் ரம்பத்தால் அறுத்து வேரோடு சேர்த்துத் தொட்டிக்குள் வைத்துவிடலாம், என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. உளுத்த மரமோ மக்கிய மட்டையோ என்றால் உள்ளே வைக்கக் கூடாது, ஈரத்தைப் பிடித்து வேரை அழுக வைக்கும். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுங்கள்.

தொட்டி மண்தொட்டியாக, வேர் அடங்குகிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். காருகுறிச்சிப் பக்கம் போனால், பக்கவாட்டிலும் ஓட்டை வைத்துத் தரக் குயவரிடம் கேட்டுப் பாருங்கள். மண் ஒரு பிடிகூட வேண்டாம். உடைந்த ஓட்டுச் சில்லும் அடுப்புக்கரியும் பெரும்பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு கொஞ்சம். மட்டையில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே போடுங்கள். செடியின் அடிப்பாகம் கரிக்கு மேலேயே நிற்கட்டும், புதைக்கக் கூடாது. உள்ளே வளைந்து வராத வேர் வெளியே தொங்கினால் தொங்கட்டும். கடைசியில் ஒரு குச்சி நட்டு, செடி ஆடாமல் துணி நாடாவால் கட்டுங்கள். காற்றில் ஆடுகிற செடியின் புது வேர் முனை கரியில் உரசியே தேய்ந்துவிடும், இந்த ஊர்க் காற்றுக்கு இது ரொம்ப முக்கியம்.

நான்கைந்து நாள் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டாம், காயம் ஆறட்டும். நிழலில் வைத்துக் காலையில் இலைக்கு மட்டும் தெளித்தால் போதும். பிறகு கரி காய்ந்ததும் ஊற்றுங்கள். மழைத் தண்ணீரோ தாமிரபரணித் தண்ணீரோ நல்லது, போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து வேர் முனையும் கருகும். புது வேர் கரிக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை உரம் போட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். மரத்துண்டோடு வைத்திருந்தால் இரண்டு வருடம் கழித்துத் தொட்டி மாற்றும்போது பாருங்கள், பழைய வேர் செத்திருக்கும், துண்டைச் சுலபமாக எடுத்துவிடலாம்.