அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து படிக்கும்போது தவிர்க்க வேண்டியவை

மாதம் ஒருமுறை சில அப்பாக்களும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்கிறோம். போன முறை புதிதாக வந்த ஒருவர், மகன் படத்திலிருந்த பூனையைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். 11 வருடங்களுக்கு முன்னால் நான் செய்ததும் அதேதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனை ஓரமாக வைப்பது, வயதுக்கேற்ற புத்தகம் எடுப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுத்து முடிந்ததும் பக்கத்தைப் புரட்டுவது

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். எழுத்தை மட்டும் வாசித்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கதையில் பாதி படத்தில் இருக்கிறது. மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்து 1963இல் வெளிவந்த ‘வேர் த வைல்டு திங்ஸ் ஆர்’ புத்தகத்தில், சிறுவனும் விசித்திர மிருகங்களும் சேர்ந்து ஆட்டம் போடும் இடத்தில், எதிரெதிர்ப் பக்கங்கள் முழுக்க விரியும் மூன்று படங்கள் தொடர்ந்து வரும். ஒரு சொல்கூடக் கிடையாது. முதல் தடவை அந்த மூன்றையும் நான் ஒரே மூச்சில் தாண்டிவிட்டேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். புத்தகத்தை மூடி அட்டையில் இருந்த மிருகத்தைக் காட்டி, “இதுக்கு மட்டும் மனுசக் கால்ப்பா” என்றாள். உண்மைதான். அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை.

“அதே புத்தகமா? வேற எடு”

அதையே படியுங்கள். 3 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிடப் புதுச் சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

“உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, நீயே படி”

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இப்போதும் யாராவது இப்படிச் சொல்வது காதில் விழுந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் நமக்குப் பெருமை தாங்காது. அன்று இரவே புத்தகத்தைத் தூக்கி அதன் கையில் கொடுத்துவிடுகிறோம். மடியில் வைத்துக் கதை சொன்ன அப்பா எழுந்துபோய், எதிரே ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு நரிக் கதை. ‘பள்ளத்தில்’ என்பதை அவள் ‘பல்லத்தில்’ என்று படித்தாள். நிறுத்தித் திருத்தினேன். அடுத்த வரியில் ‘மறைந்தது’ ‘மரைந்தது’ ஆனது. மறுபடியும் நிறுத்தினேன். ஆள்காட்டி விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் வைத்து அழுத்தியதில் நகத்தின் நுனி வெளுத்திருந்தது. ஒரு பக்கம் முடிக்கக் கால் மணி நேரம். நரி கடைசியில் தப்பித்ததா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, “தூக்கம் வருதுப்பா” என்று சீக்கிரமே படுக்கத் தொடங்கினாள். நானும் நம்பினேன். பிறகு அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்த நரிப் புத்தகம் துணிகளுக்கு அடியில் கிடைத்தது. ஒளித்து வைத்திருக்கிறாள்.

எழுத்துக் கூட்டும் வயதில் கவனமெல்லாம் எழுத்தைப் பிடிப்பதிலேயே செலவாகிவிடும். பொருளைப் பிடிக்க மிச்சம் இருக்காது. அதே பிள்ளை காதால் கேட்டால், தான் படிக்கக்கூடியதைவிடப் பல மடங்கு பெரிய கதையைப் புரிந்துகொள்ளும். இந்த இடைவெளி தொடக்கப் பள்ளி வருடங்கள் முழுக்க இருக்கும். நாம் படித்துக் காட்டுவதை நிறுத்தினால் அந்தப் பெரிய கதைகள் அதற்குக் கிடைக்காமலே போகின்றன. மூன்று சொல் வாக்கியங்கள்தான் மிஞ்சுகின்றன. புத்தகம் என்றாலே இவ்வளவுதான் என்று அது முடிவு செய்தால் குற்றம் யாருடையது?

அவளைத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. தினமும் நான் படித்தேன், அவள் கேட்டாள். ஒரு எழுத்தைக்கூடப் படிக்கச் சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள், கதையில் ஆமை பேசுகிற வரியை என்னை முந்திக்கொண்டு அவளே படித்தாள். சரி, இனி ஆமை உன்னுடையது, மற்றதெல்லாம் என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். எங்காவது தடுக்கினால் சொல்லை உடனே எடுத்துக் கொடுத்தேன். தப்பாகப் படித்தாலும் பொருள் கெடவில்லை என்றால் பேசாமல் இருந்தேன். எழுத்துப் பயிற்சி அவசியம்தான், மறுக்கவில்லை. அதைப் பகலில், வேறு புத்தகத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள். கதை நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

குரல் மாற்றி நடிக்க வராது என்று ஒதுங்குவது

உங்கள் குரலே போதும்.

“இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுகிட்ட?”

கேட்காதீர்கள். கேள்வியே கூடாது என்று சொல்லவில்லை. குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், 2 வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடிந்துவிடாத கேள்விகளைக் கேட்பது, பிள்ளை சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொல்வது. ஒரு மாதத்தில் பிள்ளைகளின் பேச்சில் முன்னேற்றம் தெரிந்தது. ‘நாய்’ என்று பிள்ளை சொன்னால், “ஆமா, நனைஞ்ச நாய். எங்க போகுது?” என்று கேளுங்கள். அதற்குத் தப்பான பதில் என்று ஒன்று கிடையாது. பிள்ளையும் பயப்படாமல் பேசும்.

பிள்ளை தூங்கியதும் தனியாகப் படித்து முன்னே போவது

அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கும் பெரிய கதைகளில் இந்த ஆசை வரும். வேண்டாம். பிள்ளை கடைசியாகக் கேட்ட வரி எதுவோ அங்கே ஒரு துண்டுத் தாளைச் செருகி மூடிவிடுங்கள்.