காலையில் ஸ்டார்ட் செய்ததும் கார் குலுங்குகிறதா?

ராத்திரி முழுக்க கார்பார்க்கில் நின்ற கார், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) சற்று ஏறி, எஞ்சின் சூடாக ஆகத் தானாக இறங்கும். இது இயல்புதான். ஆர்பிஎம் முள் மேலும் கீழும் ஆடி, ஸ்டியரிங் வரை அதிர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்புக்கு ஓடும் முன் காரின் பிழைக் குறியீடுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். மலிவான புளூடூத் ஸ்கேனரே போதும். பி0301 என்ற குறியீடு வந்தால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) இரண்டாவதோடு மாற்றி மாட்டுங்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0301 அங்கேயே நின்றால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். நான்கு காயிலையும் மாற்றச் சொல்பவரிடம் பேச இந்த ஒரு சோதனை போதும்!

பி0171 (காற்று அதிகம், எரிபொருள் குறைவு) வந்தால் காற்றுக் கசிவு இருக்கலாம். வெடித்த ரப்பர் குழாயைத் தேடுங்கள். குறியீடே வராவிட்டால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். அதற்குரிய கிளீனரால் துடைத்த பிறகு, சில கார்களில் ஐடிலை (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ரீசெட் செய்ய வேண்டிவரும்.

செக் எஞ்சின் விளக்கு மினுக்கினால் ஓட்டாதீர்கள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெட்டுப்போகலாம். அப்புறம், நிறுத்திய காரில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம். சோதனையைச் சீக்கிரம் முடியுங்கள்.