கைக்கண்ணாடி ஒன்று, பத்து நிமிடம்

26 வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். பிறப்புறுப்பு ஒருத்திக்கு இருந்த மாதிரியே இன்னொருத்திக்கு இருந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெண் வந்து, "அக்கா, உள்ள இருக்க வேண்டியது வெளிய தொங்குது, ஆபரேஷன் பண்ணணுமா?" என்று அழுதாள். பார்த்தேன். பிறப்புறுப்பின் உள்மடிப்புகளான சிறிய உதடுகள் கொஞ்சம் நீளம், இடது பக்கம் கூடுதலாக. நான் தினமும் பார்க்கிற உடம்புதான். போனில் எங்கோ பார்த்த படத்தோடு ஒப்பிட்டு மூன்று வருஷமாகத் தூங்காமல் இருந்திருக்கிறாள். கண்ணாடியில் தன் உடம்பைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

குளித்து முடித்து, கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள். மாதவிலக்கு இல்லாத நாளாக இருக்கட்டும். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடக்கிக் காலை விரித்து உட்காருங்கள். கைக்கண்ணாடியை முன்னால் சாய்த்து வையுங்கள். போன் டார்ச் வேண்டாம். அந்த வெள்ளை வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டும். ஜன்னல் வெளிச்சம் போதும்.

வெளியே தெரிகிற பகுதி முழுவதற்கும் வல்வா என்று பெயர். யோனி என்பது உள்ளே போகிற குழாய். முடி முளைக்கிற சதைப்பற்றான மடிப்பு பெரிய உதடு. அதை விரலால் மெதுவாக விலக்கினால் முடியில்லாத சிறிய உதடுகள். இங்கேதான் பெண்ணுக்குப் பெண் அதிகம் மாறும். லண்டனில் 50 பெண்களை அளந்து 2005-இல் வெளியிட்டார்கள்: சிறிய உதட்டின் அகலம் ஒருவருக்கு 7 மில்லிமீட்டர், இன்னொருவருக்கு 50. அத்தனை பேரும் இயல்பான உடம்புக்காரர்கள். சிலருக்கு ஓரம் சுருக்கம் சுருக்கமாக இருக்கும், சிலருக்கு மழமழவென்று. ஒரு பக்கம் பெரிதாக இருப்பது மிகச் சாதாரணம். ஓரத்தில் கடுகைவிடச் சின்னதாக மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கிள்ளாதீர்கள்.

நிறத்தைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்டார்கள். நம் தோலில் அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுப்பாகத்தான் இருக்கும். வயசுக்கு வரும்போதும் கர்ப்பத்திலும் ஹார்மோன் அதை இன்னும் அடர்த்தியாக்கும். அழுக்கோ ஒழுக்கமோ இதில் எதுவும் கிடையாது. வெளுக்க வைக்கிற க்ரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் மெலிந்து எரிச்சலோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து தடவாதீர்கள்.

மேலே இரண்டு உதடும் கூடுகிற இடத்தில் ஒரு மூடி, அதன் அடியில் சின்ன மொட்டு. அது கிளிட்டோரிஸ். வெளியே தெரிவது நுனி மட்டும். மீதி உள்ளே இரண்டு பக்கமும் கால் போலப் பரவியிருக்கிறது. அதற்குக் கீழே சிறுநீர்த் துளை, அதற்கும் கீழே யோனி வாய். வாயின் ஓரத்தில் இருக்கிற மெல்லிய மடிப்புதான் கன்னித்திரை. ஆளுக்கு ஆள் வடிவம் வேறு, அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டாளா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் ராத்திரியில் ரத்தம் வராத பெண்கள் எத்தனையோ பேர். அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மாவையும் உட்கார வைத்து இதைச் சொன்னேன்.

கழுவ வெறும் தண்ணீர் போதும், வெளியே மட்டும். உள்ளே சோப்போ கிருமிநாசினியோ விடக்கூடாது. யோனி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அங்கிருக்கிற நல்ல பாக்டீரியா அமிலத்தன்மையைக் காப்பாற்றுகிறது. முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடுகிற கசிவு இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் வருவதும் இயல்பு. அதனால் உடம்பு உருகிப்போகாது.

மாதம் ஒருமுறை பார்த்துப் பழகினால் புதிதாக ஏதாவது வந்தால் உடனே தெரியும். விடாத அரிப்பு, தயிர்த் திப்பி போன்ற வெள்ளை, மீன் நாற்றம், ஆறாத புண், வெளுத்துச் சுருங்கும் தோல், யோனி வாய்ப்பக்கம் ஒரு பக்கமாக வீங்கி வலிக்கும் கட்டி, வயதாகி மாதவிலக்கு நிரந்தரமாக நின்றபின் ரத்தம்: இவற்றில் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள். அங்கே போய் "கீழ ஒரு மாதிரியா இருக்கு" என்று தலையைக் குனியாமல், "வலது பக்கம் சிறிய உதட்டில் பத்து நாளாகப் புண் இருக்கிறது" என்று சொல்லுங்கள்.