வீட்டிலேயே கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பிறகு ஆட்டோமேட்டிக் கார் மக்கர் செய்தால்: எதை முதலில் பார்ப்பது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலையும் பில்டரையும் வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வேலை முடிந்து 'டி'-யில் போட்டால் சில வண்டிகள் நகரவே நகராது. சில வண்டிகள் இரண்டு விநாடி சும்மா நின்றுவிட்டு 'டமால்' என்று இடித்துக்கொண்டு கிளம்பும். உடனே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பதறி, பழைய கியர்பாக்ஸ் என்ன விலை என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடியது, இன்று கை வைத்ததும் கெட்டது என்றால் கோளாறு பெரும்பாலும் கை வைத்த இடத்தில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு ஆகாது. ஆனால் வரிசை முக்கியம்.

1. வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள்

"ஒரு ரவுண்டு போனால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இந்த ஆயில் வெறும் வழவழப்புக்காக இருப்பது அல்ல. உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது இந்த ஆயிலின் பிரஷர்தான். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள டார்க் கன்வர்ட்டர் வழியாக இன்ஜின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவதும், சூட்டைக் குறைப்பதும் இதே ஆயில்தான். பிரஷர் குறைந்தால் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் கருகும். சும்மா ஆயில் குறைவு என்று இருந்த சின்னப் பிரச்சினை, சில கிலோமீட்டரிலேயே கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரிக்கும் வேலையாக மாறிவிடும்.

2. உங்கள் கியர்பாக்ஸ் எந்த வகை?

கிளட்ச் பெடல் இல்லை என்பதற்காக எல்லாம் ஒரே வகை ஆகிவிடாது. இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். ஹோண்டா சிட்டி, அமேஸ் பெட்ரோலில், பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடும் சிவிடி. வேகன் ஆர் போன்றவற்றில் ஏஎம்டி. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது. ஏஎம்டி வண்டியில் கிளட்ச் மாற்றிய பிறகு தகராறு என்றால், ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) போட்டு கிளட்ச் அளவைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்களா என்பதை முதலில் கேளுங்கள். கீழே வருவது டார்க் கன்வர்ட்டர் வகைக்கானது. ஆயில் விஷயம் மட்டும் சிவிடிக்கும் பொருந்தும்.

3. ஆயில் அளவு: பாதிப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்

முதல் கேள்வி: பழைய ஆயில் எத்தனை லிட்டர் வெளியே வந்தது? அளந்து வைத்திருந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். கியர்பாக்ஸின் அடியில் மூடி போல இருக்கும் பேனைத் திறந்து வடித்தால் மொத்த ஆயிலும் வராது. டார்க் கன்வர்ட்டருக்குள் நிறைய தங்கிவிடும். அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து ஊற்றியவர்களுக்கு ஆயில் கூடிப்போயிருக்கும். வந்த அளவே திரும்பப் போக வேண்டும் என்பதுதான் தொடக்கக் கணக்கு. பில்டரும் மாற்றியிருந்தால் கொஞ்சம் முன்பின் ஆகும், அதை லெவல் பார்த்துச் சரிசெய்யலாம்.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உள்ள வண்டி என்றால் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி 'பி'-யிலிருந்து எல்லா நிலைகளுக்கும் லீவரைக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தித் திரும்ப 'பி'-க்கு வாருங்கள். ஆயிலைக் கியர்களுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் காலி வழிகளில் ஆயில் நிரம்புவதற்காகத்தான் இது. ஆயில் சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைத் துடைத்துச் செருகி எடுத்து, 'ஹாட்' கோட்டைப் பாருங்கள். பல வண்டிகளுக்கு இதுதான் முறை. ஆனால் ஹோண்டாவின் பழைய சாதா ஆட்டோமேட்டிக்குகளில் சூடான பிறகு இன்ஜினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பதை ஓனர் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். முறை மாறினால் அளவும் பொய்யாகிவிடும்.

டிப்ஸ்டிக்கை எடுத்ததும் துடைக்க அவசரப்படாதீர்கள். நுனியை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டியிருந்தால் ஆயில் நுரைக்கிறது என்று அர்த்தம். ஆயில் கூடிப்போனால் சுழலும் பாகங்கள் அதில் முங்கி அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் இருக்கும் காற்று அமுங்கிப்போகும், பிரஷர் நிற்காது. அதனால்தான் ஆயில் கூடினாலும் குறைந்தாலும் வண்டி ஒரே மாதிரி வழுக்கும். "இன்னும் அரை லிட்டர் ஊற்றிப் பார்ப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவது ஆபத்து என்பதும் இதனால்தான். குமிழ் இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பில் பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் ஆயில் கூலரைச் சந்தேகப்பட வேண்டும். அது நிபுணர் வேலை.

டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் கீழே ஒரு லெவல் போல்ட் இருக்கும். இன்ஜின் ஓடும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அதைத் திறக்க வேண்டும். பல டொயோட்டா கியர்பாக்ஸ்களில் அந்தச் சூடு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ். மாடலுக்கு மாடல் மாறும். சூட்டை ஸ்கேனரில் பாருங்கள், கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்க வேண்டாம். தாரையாக வந்தால் கூடுதல், சொட்டுச் சொட்டாகக் குறைந்து நிற்கும்போது போல்ட்டை மூடிவிடலாம். ஒன்றுமே வராவிட்டால் ஆயில் குறைவு. வண்டி நான்கு பக்கமும் சமமாக ஜாக் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி, அதுவும் இன்ஜின் ஓடும் வண்டிக்கு அடியில், தலையை நுழைக்காதீர்கள்.

இங்கே ஒரு பொடிப் பொருள் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. அந்த டொயோட்டா வகைகளில் லெவல் போல்ட் துளைக்குள் ஒரு சின்னக் குழாய் நிற்கும். 6 மி.மீ. ஆலன் கீயால் அதைக் கழற்றினால்தான் ஆயில் முழுதாக வடியும். வடித்த பிறகு அதைத் திரும்பப் போட மறந்தால், எவ்வளவு ஊற்றினாலும் லெவல் பார்க்கும்போது ஆயில் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். பழைய ஆயிலைப் பிடித்த தட்டில் அந்தக் குழாய் கிடக்கிறதா என்று ஒரு தடவை துழாவிப் பாருங்கள்.

4. வடித்தது எந்த ஆயில்? ஊற்றியது எந்த ஆயில்?

இன்ஜின் ஆயில் மாற்றப் போய், தெரியாமல் கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. சுபாரு வண்டிகளில் இது மிகவும் பிரபலம். அப்படி நடந்தால் கியர்பாக்ஸ் காலி, இன்ஜினில் இரண்டு மடங்கு ஆயில். வண்டி நகராமல், இன்ஜின் டிப்ஸ்டிக்கில் அளவு கோட்டைத் தாண்டி எங்கேயோ இருந்தால் இதுதான் கதை. திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் இரண்டையும் சரிசெய்யுங்கள்.

அடுத்தது, ஆயிலின் ரகம். "ஆட்டோமேட்டிக் ஆயில்" என்று கடையில் கேட்டு வாங்கினால் போதாது. ஹூண்டாயின் 6 ஸ்பீடு கியர்பாக்ஸ்களுக்கு எஸ்பி-4, பழைய 4 ஸ்பீடுக்கு எஸ்பி-3. டொயோட்டாவின் பலவற்றுக்கு டபிள்யூஎஸ். ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2. சிவிடியில் சாதா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றுவது பெரிய தவறு. பெல்ட்டும் புல்லியும் உலோகத்தோடு உலோகம் பிடிக்க வேண்டிய இடம் அது. அந்தப் பிடிப்பு அதற்கான ஆயிலில்தான் கிடைக்கும். ரகம் மாறியிருந்தால் வடித்துவிட்டு, சரியான ஆயிலை ஊற்றுங்கள். ஒரு தடவை வடிப்பதில் பழையது முழுதாகப் போகாது, இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

5. பில்டரின் ஓ-ரிங்

ஆயில் அளவும் ரகமும் சரி, ஆனாலும் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் 'ங்ஙீ' சத்தம் வருகிறது, இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் கியர் பிடிக்கத் தாமதிக்கிறது என்றால் பம்ப் காற்றை இழுக்கிறது. பழைய பில்டரை உருவும்போது அதன் ஓ-ரிங், அதாவது வளையமான ரப்பர் சீல், மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் உலோகத்தின் பகுதி போலவே இருக்கும். அதன் மேலேயே புதிய பில்டரைப் புதிய சீலோடு அழுத்தினால் சரியாக உட்காராது. பழைய பில்டர் இன்னும் குப்பையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் கழுத்தில் சீல் இல்லாவிட்டால் பேனை மறுபடி திறக்க வேண்டியதுதான்.

திறக்கும்போது பேனில் உள்ள காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிற மை மாதிரி படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சிலும்புகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. மூடும்போது போல்ட்களை முறுக்கித் தள்ளாதீர்கள். பேன் வளைந்து ஒழுகும். சிலிக்கானை அள்ளிப் பூசினால் அது பிய்ந்து போய் பில்டரை அடைக்கும்.

6. ஒயர், கனெக்டர், ஸ்கேனர்

வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மந்தமாக ஓடுகிறதா? கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக, ஆயில் வழிகளைத் திறந்து மூடும் சாலினாய்டு வால்வுகளுக்குக் கரண்ட்டை நிறுத்தியிருக்கலாம். பேட்டரியையும் ஏர் பில்டர் பெட்டியையும் கழற்றியபோது கியர்பாக்ஸ் மேலுள்ள கனெக்டர் நழுவியிருந்தாலே இது நடக்கும். 'கிளிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள், கனெக்டருக்குள் இருக்கும் பின் (ஊசி) எதுவும் வளைந்திருக்கிறதா பாருங்கள்.

பிறகு, கோளாறைச் சொல்லும் குறியீட்டை (கோடு) படிக்கும் ஓபிடி ஸ்கேனர். பி0700 என்பது "கியர்பாக்ஸில் ஏதோ இருக்கிறது" என்று சொல்வதோடு சரி. அதனுடன் வரும் அடுத்த கோடுதான் விஷயம். பி0705 என்றால் லீவர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச். பி0715, பி0720 இரண்டும் வேக சென்சார்கள். வேலை செய்த மறுநாளே இவை வந்தால் சென்சார் வாங்குவதற்கு முன் கனெக்டரைப் பாருங்கள். பி0730 வந்தால் கியர் விகிதம் பொருந்தவில்லை, அதாவது எங்கேயோ வழுக்குகிறது. மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

லீவர் கேபிளைக் கழற்றியிருந்தால் அதையும் சரிபாருங்கள். 'ஆர்'-இல் ரிவர்ஸ் விளக்கு எரியவில்லை, 'பி'-யில் போட்டும் வண்டி உருளுகிறது என்றால் அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருக்கிறது.

7. எல்லாம் சரி, ஆனாலும் இடிக்கிறது

பேட்டரியைக் கழற்றியதில் சில வண்டிகளின் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த கியர் மாற்றும் அளவுகளை மறந்திருக்கும். முதல் ஆறு படிகளும் சரி என்றான பிறகு மட்டும், ஆக்சிலேட்டரை மென்மையாக மிதித்து, நெரிசல் இல்லாத சாலையில் நிதானமாக ஓட்டுங்கள். இடிப்பு குறைந்துகொண்டே வந்தால் பயமில்லை. சில மாடல்களுக்கு ஸ்கேனரில் ரீலேர்ன் (புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்தே ஆக வேண்டும். குறையாமல் கூடினால் நிறுத்திவிடுங்கள்.

எப்போது ஒர்க்‌ஷாப்?

ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தால், காந்தத்தில் சிலும்பு இருந்தால், அளவு சரியாக இருந்தும் எந்தக் கியரும் பிடிக்காவிட்டால், மேலே நோண்டாதீர்கள். கியர்பாக்ஸையே இறக்கி ஏற்றியிருந்தால், டார்க் கன்வர்ட்டர் பம்ப்பில் முழுதாக உட்காராமல் போல்ட் முறுக்கப்பட்டதா என்பதுதான் முதல் சந்தேகம். அதில் பம்ப்பே உடைந்துபோகும்.

கட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப் சுற்றாது, உள்ளே ஆயில் ஓடாது. வண்டியை முழுதாகத் தூக்கி வைக்கும் பிளாட்பெட்டை வரச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் எத்தனை லிட்டர் வடித்தீர்கள், எந்த ஆயில் ஊற்றினீர்கள், எந்தெந்த கனெக்டரைக் கழற்றினீர்கள், ஸ்கேனரில் என்ன கோடு வந்தது என்று எழுதியே கொடுங்கள். வடித்த பழைய ஆயில் கொஞ்சத்தைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் அவர் வேலை இன்னும் சுலபமாகும்.