மணிக்குச் சாம்பார் வேண்டாம்

எங்கள் மணி நாட்டு நாய், 14 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன், தங்கை வளைகாப்பு முடிந்த அன்று மிஞ்சிய சாம்பாரைச் சோற்றில் பிசைந்து அம்மா அதற்கு வைத்தார். பிள்ளைகள் இலை ஓரத்தில் ஒதுக்கியிருந்த சின்ன வெங்காயத்தையும் வீணாக்க மனமில்லாமல் வழித்துப் போட்டார். மறுநாளும் அதே சாப்பாடு. மணி தட்டை நக்கித் துடைத்தது.

நான்காம் நாள் மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிட்டது. சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனது. கால்நடை மருத்துவர் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, “வெங்காயம் போட்டீங்களா?”

வெங்காயத்தில் இருக்கும் கந்தகப் பொருள்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து என்பது பொதுவான கணக்கு. மணிக்கு அது 70 கிராம். உரித்த சின்ன வெங்காயத்தைத் தராசில் போட்டுப் பார்த்தேன், பத்து பன்னிரண்டிலேயே அந்த அளவு வந்துவிட்டது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாலும் சேர்ந்து கெடுக்கும். வினை உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். பூண்டுக்கு வீரியம் இன்னும் அதிகம்.

நாய் வளர்ப்பவர்கள் சாக்லேட், திராட்சை என்று ஒப்பிப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் நம் வீட்டில் நாய்க்கு விழுவது குழம்புச் சோறு. அதில் வெங்காயத்தோடு புளியும் இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். புளியின் புளிப்புக்கும் அந்த அமிலம்தான் முக்கியக் காரணம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதைப் பற்றி 2022-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. அதனால் ரசம், புளியோதரை, வத்தக்குழம்பு எதுவும் மணி பக்கம் போவதில்லை. திராட்சையில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சைக்கும் அதே கதிதான்.

“தெரு நாயெல்லாம் சாம்பார் சோறு தின்னு நல்லாத்தானே இருக்கு” என்பார் அம்மா. அதுகளின் ரத்தத்தை யார் எடுத்துப் பார்த்தார்கள்?

சரி, என்ன போடலாம்? தாளிப்பதற்கு முன், உப்பும் புளியும் சேர்ப்பதற்கு முன், ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுங்கள். இதுதான் நான் கண்ட ஒரே வழி. வெறும் சோறு, வேகவைத்த கோழி (எலும்பு இல்லாமல்), அவித்த முட்டை, கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் மணிக்கு ஒத்துக்கொள்கிறது. உப்பில்லாத தயிர்ச் சோறு வெயில் காலத்தில் அதற்கு உயிர். பால் சில நாய்களுக்கு வயிற்றைக் கலக்கும், தயிர் அவ்வளவு செய்யாது. வெறும் இட்லி ஒன்று போடலாம், சட்னி தொடாமல். மாம்பழச் சதை கொஞ்சம் தரலாம். கொட்டையை மட்டும் குப்பைத் தொட்டியில் போட்டு மூடிவையுங்கள், விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும்.

பிரியாணி எலும்பு வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். அந்த மசாலாவிலும் வெங்காயம்தான். டீயில் நனைத்த பிஸ்கட்டையும் நிறுத்திவிட்டோம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய் வாங்கினால் அட்டையில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயரோ அதன் எண்ணான 967-ஓ இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு அது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகிவிடும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன, இந்த நாலையும் குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அறிகுறி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போனால் அவரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாம்.

நாய் நன்றாக இருக்கும்போதே ஈறைப் பார்த்துப் பழகுங்கள். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மணியின் ஈறில் பாதி பிறவியிலேயே கறுப்பு. அதனால் இடது கோரைப் பல்லுக்கு மேலே இருக்கும் அந்த ரோஸ் திட்டில்தான் நான் அழுத்திப் பார்க்கிறேன். அதற்கும் பழகிவிட்டது, உதட்டைத் தூக்கினால் கொட்டாவி விடுகிறது.